பன்னீர் சோடாவுக்கு 40 சதவீதம்: ஜி.எஸ்.டி. மன்றத்துக்கு ஒரு திறந்த மடல்

சரக்கு மற்றும் சேவை வரி மன்றத்தின் தலைவரான மாண்புமிகு ஒன்றிய நிதியமைச்சர் அவர்களுக்கும், மன்ற உறுப்பினர்களான மாநில அமைச்சர்கள் அனைவருக்கும்,

2025 செப்டம்பர் 3ஆம் நாள் கூடிய உங்கள் 56ஆவது கூட்டம், வரி அடுக்குகளைக் குறைத்துப் பெரும்பாலான பொருள்களை 5, 18 என்ற இரண்டு விகிதங்களுக்குள் கொண்டுவந்தது. அதே கூட்டத்தில், ஆடம்பரத்துக்கும் தீங்குக்கும் உரியவை என்று கருதப்பட்டவற்றுக்காக 40 சதவீதம் என்ற தனி விகிதத்தையும் நீங்கள் வகுத்தீர்கள். செப்டம்பர் 22 முதல் நடப்பில் இருக்கும் அந்தப் பட்டியலில் உல்லாசப் படகு, சொந்த உபயோகத்துக்கான விமானம், கைத்துப்பாக்கி, சூதாட்ட விடுதி, குதிரைப் பந்தயம் ஆகியவற்றோடு, இனிப்போ வாசனையோ சேர்த்து கேஸ் ஏற்றிய பானங்களும் இடம் பெற்றிருக்கின்றன. உலகம் முழுவதும் விற்கும் கோலாவுக்கும், பேருந்து நிலையப் பெட்டிக்கடையில் பத்து ரூபாய்க்கு விற்கும் பன்னீர் சோடாவுக்கும் அந்தப் பட்டியலில் ஒரே வரிதான்.

தென்காசி மாவட்டத்தில், செங்கோட்டைப் பக்கம், மூன்றாம் தலைமுறையாக நடந்துவரும் ஒரு சிறிய சோடா கம்பெனியின் பொறுப்பில் இருந்துகொண்டு இதை எழுதுகிறேன். 40 சதவீதம் எங்களுக்குப் புதிதல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். 2017 ஜூலை 1ஆம் நாள் ஜி.எஸ்.டி. வந்த அன்றே எங்கள் சரக்குக்கு 28 சதவீத வரியும் அதன்மேல் 12 சதவீத இழப்பீட்டு மேல்வரியும் போடப்பட்டன. புதிய வரிமுறையால் மாநிலங்களுக்கு ஏற்படும் வருவாய் இழப்பை ஐந்து ஆண்டுகளுக்கு ஈடுகட்டத்தான் அந்த மேல்வரி என்று அன்று சொல்லப்பட்டது. பின்னர், பெருந்தொற்றுக் காலத்தில் வாங்கிய கடனை அடைப்பதற்காக அது நீட்டிக்கப்பட்டது. 2025 செப்டம்பரில் எங்கள் சரக்கின் மீதிருந்த மேல்வரியை நீக்கியதாக அறிவித்தீர்கள், ஆனால் நீக்கிய 12 சதவீதத்தை அப்படியே அடிப்படை வரிக்குள் சேர்த்து 40 ஆக நிலைநிறுத்திவிட்டீர்கள். தற்காலிகம் என்று எட்டு ஆண்டுகள் பொறுத்துக்கொண்டது நிரந்தரமாகிவிட்டது. இதைப் பேசாமல் ஏற்றுக்கொள்ள என்னால் முடியவில்லை.

சோடா கம்பெனி என்ற பெயரில் கம்பெனி என்ற சொல் இருப்பதாலேயே, டெல்லியிலும் சென்னையிலும் இருந்து பார்ப்பவர்களுக்கு அது ஏதோ தொழிற்சாலை என்று தோன்றியிருக்கலாம். தென்மாவட்டத்துச் சிற்றூர்களில் அது வீட்டின் முன்பகுதி. என் தாத்தா 1950களின் தொடக்கத்தில் தொடங்கியபோது அது ஓட்டுக் கூரை போட்ட ஒரு தாழ்வாரமும், ஒரு கிணறும், கையால் சுற்றும் இரும்புச் சக்கரம் வைத்த ஒரு மெஷினும் மட்டுமே. முதல் நாள் இரவே காலி பாட்டில்களைத் தொட்டியில் ஊறப்போட்டுவிடுவார்கள். விடியற்காலையில் தெருப் பெண்கள் நான்கைந்து பேர் வந்து, பாட்டில் பாட்டிலாக உள்ளே பிரஷ் விட்டுத் தேய்த்து, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துக் கவிழ்த்து வைப்பார்கள். இன்னொரு பக்கம் சர்க்கரைப் பாகு காய்ச்சித் துணியில் வடிகட்டி ஆறவைப்பார்கள். பாகின் பதத்தை ஆச்சிதான் பார்ப்பார், அதில் வேறு யாரையும் அவர் நம்பியதில்லை. எசன்ஸ் அளவு மட்டும் தாத்தாவின் கையில் இருந்தது. பன்னீர், ஜிஞ்சர், எலுமிச்சை, திராட்சை, ஆரஞ்சு ஆகிய ஐந்தையும் ஊரார் பொதுவாகக் கலர் என்றே சொல்வார்கள். வெறும் சோடாவைத் தனியாகக் கேட்பார்கள்.

கோலி சோடா நிரப்புவது கண்ணுக்கு வேடிக்கை, செய்கிறவருக்கு ஆபத்து. ஹைரம் காட் என்ற ஆங்கிலேயர் 1872இல் காப்புரிமை பெற்ற அந்த பாட்டிலின் கழுத்தில் ஒரு கண்ணாடிக் கோலியும், வாயில் ஒரு ரப்பர் வளையமும் இருக்கும். பாகும் தண்ணீரும் ஊற்றிய பாட்டிலைச் சட்டத்தில் பொருத்தி, கேஸைத் திறந்துவிட்டு, சக்கரத்தைச் சுற்றிக் கவிழ்க்கும்போது, உள்ளே ஏறிய அழுத்தம் கோலியை வளையத்தோடு சேர்த்து நிறுத்திவிடும். மூடியே தேவையில்லை. அழுத்தம் கொஞ்சம் கூடினாலோ கண்ணாடியில் பழைய கீறல் இருந்தாலோ பாட்டில் வெடிக்கும். கையில் சாக்குத் துணி சுற்றிக்கொண்டு வேலை செய்தும், தாத்தாவின் முன்கையில் தழும்பில்லாத இடம் குறைவு. அந்த பாட்டில்கள் உத்தரப் பிரதேசத்திலிருந்து வந்தவை என்பதால், உடைந்த ஒன்றுக்கு மாற்று வாங்குவது லேசான காரியமாக இருக்கவில்லை. ஆகவே பாட்டில் மேல் இருந்த கணக்கு, பணத்தின் மேல் இருந்த கணக்கைவிடக் கறாரானது. கடைக்காரர் பாக்கி வைக்கலாம், காலி பாட்டில் பாக்கி வைக்க முடியாது.

அந்தக் கலர் ஊருக்கு என்னவாக இருந்தது என்பதைத் தமிழ்நாட்டிலிருந்து மன்றத்துக்கு வருகிறவருக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்ற மாநிலத்தவருக்காகச் சொல்கிறேன். வீட்டுக்கு விருந்தாளி வந்தால் பின்வாசல் வழியாகப் பையனைப் பெட்டிக்கடைக்கு விரட்டி வாங்கிவரச் செய்வது அதுதான். பெண் பார்க்க வந்தவர்களுக்கு உடைத்துக் கொடுத்ததும், துக்க வீட்டில் அழுது மயங்கியவர்களுக்கு முகத்தில் தெளித்ததும், வயிறு மந்தமானவர்களுக்கு உப்பும் எலுமிச்சையும் போட்டுக் கொடுத்ததும் சோடாதான். மேடையில் தலைவர் பேச்சை நிறுத்தி, சோடா குடித்துவிட்டுத் தொடர்வது ஒரு காலத்தில் பொதுக்கூட்டத்தின் இலக்கணமாகவே இருந்தது. கட்சிகள் அடித்துக்கொண்டபோது பறந்ததும் எங்கள் பாட்டில்தான் என்பதையும் மறைக்க விரும்பவில்லை, அப்படிப் போன பாட்டிலுக்கு எந்தக் கட்சியும் பணம் தந்ததில்லை. பங்குனி உத்திரத்துக்குக் குலதெய்வக் கோயில்களுக்குப் போகும் பெட்டிகளுக்காக மாசி மாதமே ஆர்டர் எடுத்துவிடுவோம். குற்றாலத்தில் சாரல் தொடங்கினால் ஆடி முடியும்வரை வீட்டில் யாருக்கும் ஓய்வில்லை.

என் தெருவில் சோடா கம்பெனியோடு கூடவே இருந்த வாடகை சைக்கிள் கடை, அச்சு கோக்கும் அச்சகம், கேசட் பதிவுக் கடை, தட்டச்சுப் பயிலகம் ஆகியவை ஒவ்வொன்றாகப் போய்விட்டன. அவற்றுக்காக நான் யாருக்கும் மடல் எழுதவில்லை. வீட்டுக்கு வீடு சைக்கிள் வந்த பிறகு வாடகை சைக்கிளும், கைப்பேசியில் பாட்டு வந்த பிறகு கேசட்டும் போவது இயல்பு. வருத்தம் உண்டு, வழக்கு இல்லை. சோடாவின் கதை அப்படிப்பட்டதல்ல. குளிர்ந்த கலரைக் குடிக்கும் ஆசை மக்களிடம் குறையவே இல்லை, முன்னைவிடப் பல மடங்கு கூடியிருக்கிறது. வாங்குகிறவர் இருக்கும்போதே விற்கிறவர் காணாமல் போகும் தொழில் இது, அதனால்தான் காரணத்தைத் தேட வேண்டியிருக்கிறது.

காரணங்கள் எல்லாவற்றையும் உங்கள் தலையில் கட்டுவது நியாயமாகாது. 1977இல் நாட்டை விட்டுப் போன கொக்கோ கோலா 1993இல் திரும்பி வந்து, தம்ஸ் அப், லிம்கா, கோல்டு ஸ்பாட் ஆகியவற்றையும் விலைக்கு வாங்கிக்கொண்டபோது, ஜி.எஸ்.டி. என்ற பேச்சே கிடையாது. அதன் பிறகு பெரிய நிறுவனங்கள் பெட்டிக்கடைகளுக்குக் கண்ணாடிக் கதவு வைத்த ஃப்ரிட்ஜைக் கொடுத்தன, அதற்குள் தங்கள் பாட்டில் மட்டுமே இருக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தன. எங்கள் கலர் தண்ணீர்த் தொட்டிக்கோ வெயில் படும் வெளித்திண்ணைக்கோ தள்ளப்பட்டது. சூடான கலரை யார் குடிப்பார்கள்? பல ஆண்டுகளாக எங்களிடம் வாங்கிய கடைக்காரர் ஒருவர், அந்தப் பெரிய நிறுவனத்து ஆள் வருகிற நேரம் பார்த்து எங்கள் பாட்டில்களை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்துச் சாக்குக்குள் ஒளித்துவைப்பார். அவருடைய நல்ல மனசை நம்பி எத்தனை நாள் தொழில் நடத்த முடியும்? தூக்கி எறியும் பிளாஸ்டிக் பாட்டில் வந்த பிறகு, காலி பாட்டிலைத் திருப்பித் தர வேண்டும் என்பதே வாடிக்கையாளருக்குத் தொந்தரவாகிவிட்டது. எங்கள் ஊரில் இருந்த நான்கைந்து கம்பெனிகளில் பாதிக்கு மேல் இந்தக் காலத்திலேயே பூட்டப்பட்டன. பிள்ளைகள் திருப்பூருக்கும் சென்னைக்கும் வளைகுடாவுக்கும் போனார்கள்.

ஆனாலும் எங்களுக்கு ஒரு வாய்ப்பு வந்தது. சல்லிக்கட்டுப் போராட்டத்தை அடுத்து, 2017 மார்ச் 1 முதல் பெப்சி, கோக் பானங்களை விற்பதில்லை என்று தமிழ்நாட்டின் இரண்டு பெரிய வணிகர் அமைப்புகளும் அறிவித்தன. 1916இல் விருதுநகரில் பிறந்த காளிமார்க் போன்ற பெயர் பெற்றவர்களை மட்டுமல்ல, எங்களைப் போன்ற பெயர் தெரியாதவர்களையும் கடைக்காரர்கள் தேடி வந்தார்கள். முன்பு பெட்டியை இறக்கவே விடாதவர்கள் முன்பணம் கொடுத்தார்கள். அப்பா, விற்றுவிடலாம் என்று பேசிவைத்திருந்த பழைய பாட்டில்களை எல்லாம் மறுபடி கழுவவைத்தார், நின்றுபோன இரண்டாவது மெஷினுக்கு வாஷர் மாற்றினார். அந்த உற்சாகம் நான்கு மாதம் நீடித்தது. ஜூலை 1 வந்தது, 40 சதவீதமும் வந்தது. கணக்கர் எண்ணைச் சொன்னபோது அப்பா அவரை இன்னொரு முறை பார்த்துச் சொல்லும்படி கேட்டார்.

அந்த எண்ணை உங்கள் முன் வைக்கிறேன். பத்து ரூபாய்க்கு விற்கும் 200 மில்லி பாட்டிலைக் கடைக்காரருக்கு நாங்கள் ஏழு ரூபாய்க்குக் கொடுப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஏழு ரூபாய்க்குள் வரியும் அடங்க வேண்டுமானால், ஐந்து ரூபாய் எங்களுக்கு, இரண்டு ரூபாய் வரி. அந்த ஐந்து ரூபாய்க்குள் சர்க்கரை, கேஸ், எசன்ஸ், மின்கட்டணம், கழுவுகிறவர் கூலி, வண்டிக்காரர் கூலி, உடைசல் எல்லாம் போக மிஞ்சுவதுதான் குடும்பத்துக்கு. விலையை ஏற்றலாமே என்பீர்கள். பத்து ரூபாய் நாணயத்தை நீட்டும் வாடிக்கையாளர் பதின்மூன்று ரூபாய் என்றதும், விளம்பரத்தில் நடிகர் குடிக்கும் பாட்டிலைக் கையில் எடுத்துக்கொள்வார்.

சிறு உற்பத்தியாளர்களுக்கென்று ஜி.எஸ்.டி. சட்டத்தில் ஒரு வழி இருக்கத்தான் செய்கிறது. காம்போசிஷன் என்று எல்லோரும் சொல்லும் அந்தத் திட்டத்தில், ஆண்டு விற்பனை ஒன்றரைக் கோடி ரூபாய் வரை உள்ள உற்பத்தியாளர், விற்பனையில் 1 சதவீதத்தைக் கட்டிவிட்டுக் கணக்கு வழக்கைச் சுருக்கமாக முடித்துக்கொள்ளலாம். அந்த வழியில்தான் நாங்கள் மூச்சு விட்டுக்கொண்டிருந்தோம். 2019 செப்டம்பரில் கோவாவில் கூடிய உங்கள் 37ஆவது கூட்டத்துக்குப் பிறகு, அக்டோபர் 1 முதல், கேஸ் ஏற்றிய பானம் தயாரிப்பவர்கள் அதில் சேர முடியாது என்று ஆயிற்று. ஐஸ்கிரீம், பான் மசாலா, புகையிலை என்றிருந்த விலக்குப் பட்டியலில் எங்களையும் சேர்த்தீர்கள். நூறு பெட்டி வெறும் சோடாவுக்கு நடுவே ஒரு பெட்டி பன்னீர் தயாரித்தாலும் முழுத் தொழிலுமே திட்டத்துக்கு வெளியே போய்விடும்.

ஆண்டுக்கு 45 லட்சம் ரூபாய்க்குச் சரக்கு போடும் இரண்டு பேரை அடுத்தடுத்த வீட்டில் வைத்துப் பாருங்கள். ஒருவர் கடலை மிட்டாய் போடுகிறார், காம்போசிஷனில் அவர் கட்டுவது 45 ஆயிரம் ரூபாய். இன்னொருவர் கலர் போடுகிறார், பழைய விலையிலேயே விற்றால் அவருடைய வசூலில் 12 லட்சத்து 85 ஆயிரம் ரூபாய் வரி. இரண்டாமவருக்கு உள்ளீட்டு வரி வரவு உண்டு என்று உங்கள் அதிகாரிகள் எடுத்துச் சொல்லக்கூடும். உண்டுதான். சர்க்கரைக்குக் கட்டிய 5 சதவீதத்தையும், கேஸ் சிலிண்டருக்கும் எசன்ஸுக்கும் கட்டிய 18 சதவீதத்தையும் கழித்துக்கொள்ளலாம். எங்கள் செலவில் பெரிய பங்கு கூலி, கூலிக்கு வரவு கிடையாது. புதுப் புது பிளாஸ்டிக் பாட்டிலும் விளம்பரமும் குளிர்பெட்டியும் வாங்குகிற பெரிய நிறுவனத்துக்கு ஒவ்வொன்றிலும் வரவு கிடைக்கும். ஒரே கண்ணாடி பாட்டிலை ஆண்டுக்கணக்கில் கழுவிக் கழுவி நிரப்புகிறவனுக்கு, கழுவுவதற்கு என்ன வரவு? காலி மதுப்புட்டியைத் திரும்பப் பெறுவதற்காக டாஸ்மாக் கடைகளில் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கித் திருப்பிக் கொடுக்கும் திட்டத்தை நீலகிரியில் தொடங்கிப் படாதபாடு படுகிறார்கள். யாரும் சொல்லாமலே எழுபது ஆண்டுகளாக அதைச் செய்துவருகிறவர்கள் நாங்கள்.

ஆண்டுக்கு நாற்பது லட்சம் ரூபாய்க்குள் விற்றால் ஜி.எஸ்.டி. பதிவே வேண்டாமே என்று இன்னொரு பதிலும் எனக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. அந்த வரம்பையும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பாட்டிலுக்கு ஏழு ரூபாய் வீதம் நாற்பது லட்சம் என்பது நாளொன்றுக்கு ஏறக்குறைய 1,565 பாட்டில், 24 பாட்டில் கொண்ட பெட்டியில் 65 பெட்டி. கையால் சுற்றிய காலத்து அளவு அது. ஓரளவு நல்ல மெஷின் ஒன்றை வாங்கிப் போட்டாலே தாண்டிவிடும். தாண்டினால் அடுத்த பாட்டிலிலிருந்து 40 சதவீதம், நடுவே படியே இல்லை. எனவே என்ன நடக்கிறது? சித்திரை, வைகாசியில் ஆர்டர் இருந்தும் மெஷினை நிறுத்திவிடுகிறார்கள். வேறு சிலர் தம்பி பெயரிலும் மனைவி பெயரிலும் கம்பெனியைப் பிரித்து எழுதுகிறார்கள், இன்னும் சிலர் பில்லே போடுவதில்லை. பில் போடாதவரை நான் ஆதரிக்கவில்லை. பில் போட்டு விற்கும் எங்களைவிட அவர் இரண்டு ரூபாய் குறைத்துக் கொடுக்கிறார் என்பதால் எனக்கு அவர்மேல் கோபமே உண்டு. ஆனால் அவரை அப்படி ஆக்கியது எந்த விகிதம் என்று நீங்களும் யோசிக்க வேண்டும். வளர்ந்தால் அடி விழும் என்று தெரிந்த தொழிலில் அடுத்த தலைமுறை எப்படி இறங்கும்?

எங்கள் ஊருக்கே உரிய இன்னொரு துன்பமும் இருக்கிறது. 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டை திருவிதாங்கூர்–கொச்சியோடு இருந்தது. 1904இல் திறந்த மலைவழி ரயில் பாதையில், எங்கள் பெட்டிகள் ஆரியங்காவுக்கும் தென்மலைக்கும் புனலூருக்கும் போய், காலியாக மறுநாள் திரும்பி வந்தன. மாநிலம் பிரிந்த பிறகும் வியாபாரம் பிரியவில்லை. சபரிமலைக் காலத்தில் எங்களுக்கு அந்தப் பக்கத்துக் கடைகள்தான் பாதி வாடிக்கை. ஜி.எஸ்.டி. வந்ததும் புளியரையில் வணிகவரிச் சோதனைச்சாவடியை எடுத்தார்கள், ஒரே நாடு ஒரே சந்தை என்றார்கள். ஆனால் வேறு மாநிலத்துக்குச் சரக்கு விற்கிறவர், விற்பனை எவ்வளவு குறைவாக இருந்தாலும், பதிவு செய்தே ஆக வேண்டும் என்பது சட்டம். கைவினைப் பொருள் செய்கிறவர்களுக்கு மட்டும் விலக்கு கொடுத்திருக்கிறீர்கள். மலைக்கு அப்பால் ஒரு பெட்டி இறக்க வேண்டுமானால் பதிவு, பதிவு என்றால் 40 சதவீதம். சாவடி இருந்த காலத்தில் போன வண்டி, சாவடி இல்லாத காலத்தில் நின்றுவிட்டது.

இனி சர்க்கரைக்கு வருகிறேன். இந்த வரிக்கு ஆதரவாகச் சொல்லப்படும் காரணங்களில் மதிக்கத் தக்கது அது ஒன்றுதான். இனிப்பூட்டிய பானங்களின் விலை குறைந்தது 20 சதவீதமாவது உயரும்படி வரி போடலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2016இல் பரிந்துரைத்தது. நீரிழிவு இல்லாத வீடு எங்கள் தெருவிலும் இல்லை. கலரில் சர்க்கரை இருக்கிறது, அது உடம்புக்கு நல்லது என்று நான் ஒருபோதும் வாதாட மாட்டேன். ஆனால் நீங்கள் வரி போட்டிருப்பது சர்க்கரைக்கா? சர்க்கரை ஒரு துளியும் சேர்க்காமல் எலுமிச்சை வாசனை மட்டும் சேர்த்த சோடாவுக்கும் 40 சதவீதம். 2025 செப்டம்பர் கூட்டத்தின் முடிவுப்படி ஐஸ்கிரீமும் சாக்லேட்டும் பிஸ்கட்டும் சர்க்கரை மிட்டாயும் 5 சதவீதத்துக்கு இறங்கின. கேஸ் இல்லாத பழச்சாறு பானங்களும் 5 சதவீதம்தான், அவற்றில் எத்தனை கரண்டிச் சர்க்கரை இருந்தாலும். வாசனையும் இனிப்பும் சேர்க்காத வெறும் சோடாவும் 5 சதவீதம். ஆகவே நீங்கள் தண்டிப்பது சர்க்கரையை மட்டுமல்ல, கேஸை மட்டுமல்ல, கேஸோடு இனிப்போ வாசனையோ ஒரே பாட்டிலில் சேர்வதை. இதற்கு மருத்துவக் காரணம் எதுவும் எனக்கு விளங்கவில்லை.

சர்க்கரையைக் குறைப்பதே நோக்கமானால் அதற்கு நேரான வழி இருக்கிறது. பிரிட்டன் 2018 ஏப்ரலில் கொண்டுவந்த வரியில், 100 மில்லிக்கு 5 கிராமுக்குக் கீழே சர்க்கரை இருந்தால் வரி இல்லை, 8 கிராமுக்கு மேல் போனால் கூடுதல் வரி. உற்பத்தியாளர்கள் பலர் தாங்களாகவே சர்க்கரையைக் குறைத்துக்கொண்டார்கள். ஆண்டுக்குப் பத்து லட்சம் லிட்டருக்குக் குறைவாகத் தயாரிக்கும் சிறியவர்களுக்கு அந்த வரியிலிருந்து விலக்கும் கொடுத்தார்கள். மேலே சொன்ன நாளுக்கு 65 பெட்டிக்காரர் ஆண்டுக்குத் தயாரிப்பது ஒரு லட்சத்து 14 ஆயிரம் லிட்டர். அங்கே சிறியவர் என்று ஒதுக்கிவைக்கப்படுகிறவர் எங்களைப் போல எட்டு மடங்கு பெரியவராகக்கூட இருக்கலாம்.

2025 மார்ச்சில் ஒன்றிய வர்த்தக அமைச்சகம், கோலி சோடா அமெரிக்காவுக்கும் பிரிட்டனுக்கும் ஐரோப்பாவுக்கும் வளைகுடாவுக்கும் போகத் தொடங்கியிருப்பதைப் பெருமையோடு அறிவித்தது. இந்தியாவின் மரபுப் பானம் உலகச் சந்தையில் மீண்டெழுந்துவிட்டது என்று மகிழ்ந்தது. எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் ஏற்றுமதிச் சரக்குக்கு ஜி.எஸ்.டி. சுழியம். துபாயில் கோலியைத் தட்டிக் குடிக்கிறவருக்கு அது வரியில்லாத மரபு. தென்காசிப் பேருந்து நிலையத்தில் நின்று குடிக்கிறவருக்கு அதுவே கைத்துப்பாக்கிக்கு நிகரான பொருள். மார்ச்சில் ஓர் அமைச்சகம் சொன்னதைச் செப்டம்பரில் இன்னொரு அமைச்சகம் கேள்விப்படவில்லை போலும்.

எங்களில் குறை இல்லாமல் இல்லை. சுத்தமில்லாத தண்ணீரைப் பிடித்து, அனுமதியில்லாத சாயத்தைக் கொட்டி, லேபிளே ஒட்டாமல் விற்றவர்கள் இந்தத் தொழிலின் பெயரைக் கெடுத்தார்கள், அவர்களை உணவுப் பாதுகாப்புத் துறை மூடினால் நான் கைதட்டுவேன். தண்ணீரைச் சோதித்துச் சான்று வாங்குவதும் லேபிளில் சர்க்கரையின் அளவை அச்சிடுவதும் கட்டாயம் என்றால் மனமார ஏற்போம். தரத்தைக் கேட்பது வேறு, தரமாகச் செய்கிறவனும் செய்யாதவனும் சேர்ந்து அழியும்படி வரி போடுவது வேறு.

எனவே மன்றத்திடம் நான் கேட்பவை இவை.

2019 அக்டோபர் 1 முதல் மூடிய காம்போசிஷன் கதவை, ஆண்டு விற்பனை ஒன்றரைக் கோடி ரூபாய்க்கு உட்பட்ட சோடா, கலர் தயாரிப்பாளர்களுக்கு மீண்டும் திறந்துவிடுங்கள். இது ஒன்று நடந்தாலே இன்று மூடலாமா என்று யோசிக்கிற பல கம்பெனிகள் நாளை திறந்திருக்கும் என்பதால் இதையே முதலில் கேட்கிறேன்.

திரும்பப் பெற்றுக் கழுவி நிரப்பும் கண்ணாடி பாட்டிலில் விற்கப்படும் பானத்துக்கு, ஆண்டு உற்பத்தி பத்து லட்சம் லிட்டருக்குள் இருந்தால், வெறும் சோடாவுக்கு உள்ள 5 சதவீதத்தையே வையுங்கள். அது முடியாதென்றால் 18 சதவீதத்துக்கு மேல் போகாதீர்கள். மற்ற எல்லாப் பானங்களுக்கும், கேஸ் இருக்கிறதா இல்லையா என்று பார்ப்பதை விட்டுவிட்டு, 100 மில்லியில் எத்தனை கிராம் சர்க்கரை என்பதை வைத்து விகிதத்தை அமையுங்கள். பெரிய நிறுவனத்துக்கும் எங்களுக்கும் அதே அளவுகோல் இருக்கட்டும், நாங்கள் பாகைக் குறைக்கத் தயார்.

மாநில எல்லை ஊர்களில் நாற்பது லட்சம் ரூபாய்க்குள் விற்கும் சிறு உணவு, பானத் தயாரிப்பாளர்களுக்கு, கைவினைஞர்களுக்குக் கொடுத்தது போலவே, வெளிமாநில விற்பனைக்கான கட்டாயப் பதிவிலிருந்து விலக்கு கொடுங்கள்.

இந்த மன்றத்தில் மாநிலங்களுக்கு மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வலிமை இருக்கிறது. ஆகவே தமிழ்நாட்டின் சார்பில் அமர்ந்திருப்பவரிடம் தனியாக ஒரு வேண்டுகோள்: அடுத்த கூட்டத்தின் பொருள்நிரலில் இதை எழுத்து மூலம் சேருங்கள். அதற்கு முன்னதாக, சென்னையில் உள்ள பெரிய நிறுவனங்களின் சங்கத்தை மட்டும் அழைக்காமல், திருநெல்வேலியிலோ மதுரையிலோ ஒரு நாள் அமர்ந்து, விருதுநகர், தூத்துக்குடி, தென்காசி மாவட்டங்களின் சோடா கம்பெனிக்காரர்களை நேரில் கேளுங்கள். எங்கள் கணக்கு நோட்டுகளையும் வரி ரசீதுகளையும் எடுத்துக்கொண்டு வருகிறோம். மன்றம் மறுப்பதானால், எந்தக் காரணத்தால் மறுக்கிறது என்பதை எங்களுக்குப் புரியும் மொழியில் எழுதி வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
செங்கோட்டை வட்டாரத்துச் சோடா கம்பெனி ஒன்றின் மூன்றாம் தலைமுறைப் பொறுப்பாளர்